ஹார்ட் டிஸ்க் போற மாதிரி இருக்கா? ரிப்பேர் அப்புறம், முதல்ல காப்பி எடுங்க

ஒரு ஃபோல்டரை தொறந்தா கம்ப்யூட்டரே ஒரு நிமிஷம் உறைஞ்சு நிக்குது, போட்டோ மேல்பாதி மட்டும் வந்து கீழ்ப்பாதி சாம்பல் கலர்ல கிடக்குது, காப்பி போடும்போது ஒரே ஒரு ஃபைல்ல வந்து மாட்டிக்குது, இப்படியெல்லாம் நடந்தா வைரஸா இருக்கும்னு நினைச்சு விண்டோஸை திருப்பி போட உக்காந்துடாதீங்க. டிஸ்க் போயிட்டு இருக்கலாம்.

உள்ளேருந்து டக்... டக்... டக்னு ஒரே தாளத்துல சத்தம் வந்தா உடனே ஆஃப் பண்ணுங்க. டிஸ்க் உள்ள சுத்துற தட்டுலேருந்து டேட்டாவைப் படிக்குற முனைக்குப் பேர் ஹெட், அது எதையும் படிக்க முடியாம, திரும்பத் திரும்ப ஆரம்ப இடத்துக்கே போயிட்டு வர்ற சத்தம் அது. உள்ள இருக்குறது உண்மையிலேயே முக்கியம்னா மறுபடி ஆன் பண்ணாம டேட்டா ரெக்கவரி லேப்ல குடுங்க. மூடியை கழட்டி பாக்குறது, ஃப்ரீசர்ல வைக்குறது எல்லாம் வேண்டவே வேண்டாம். நிமிஷத்துக்கு 5400, 7200 சுத்து சுத்துற தட்டுக்கு மேல ஹெட் சில நானோமீட்டர் உயரத்துலதான் பறக்குது, ஒரு தூசி போதும் கீறல் விழ, ஃப்ரீசர்லேருந்து எடுத்தா தட்டுல ஈரம் வேற படியும்.

சத்தம் இல்ல, ஸ்லோவா மட்டும் இருக்குன்னா ஸ்மார்ட் ரீடிங் பாருங்க, அதாவது டிஸ்க் தன்னோட உடல்நிலையைத் தானே குறிச்சு வைக்குற கணக்கு. அதைப் பாக்குற சாஃப்ட்வேர், விண்டோஸ்ல கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ (CrystalDiskInfo), லினக்ஸ்ல ஸ்மார்ட்சிடிஎல் (smartctl). அந்த லிஸ்ட்ல 5, 197, 198 இந்த மூணு நம்பர் டிஸ்க்ல கெட்டுப்போன, படிக்க முடியாத இடங்களோட கணக்கு, அதுல ரா வேல்யூ (raw value, நேரடி எண்ணிக்கை) சைபரா இருக்கணும், ஏறிட்டே போனா டிஸ்க் நாளை எண்ணிட்டு இருக்குன்னு அர்த்தம். 199 மட்டும் ஏறுதுன்னா பெரும்பாலும் கேபிள்தான் பிரச்சனை, மாத்தி பாருங்க. ஆனா எல்லாம் பச்சையா இருக்குன்னு நிம்மதியா இருக்கவும் முடியாது, 2007ல கூகுள் தன்னோட லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்கை வச்சு பண்ண ஆய்வுல, செத்துப்போனதுல பாதிக்கும் மேல முக்கியமான நாலு ஸ்மார்ட் அளவுல எந்த அறிகுறியும் காட்டல.

இப்போ நிறைய பேர் பண்ற தப்பு, விண்டோஸோட டிஸ்க் ரிப்பேர் கமாண்டான செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர் (chkdsk /r) போடுறது. நானும் போட்டேன். ராத்திரி ஓடவிட்டு தூங்கிட்டேன், காலைல கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது முதல்ல ஓடுற பயாஸ்லயே டிஸ்க் தெரியல, எங்க அம்மா பேசின வாய்ஸ் ரெக்கார்டிங் எல்லாம் அதுலதான் இருந்துச்சு. அந்த கமாண்ட் டிஸ்க் முழுக்க படிக்கும், மேலயே எழுதவும் செய்யும், மிச்சம் இருக்குற உசுரையும் அதுலயே குடிச்சிடும். அந்த உசுரை காப்பிக்குத்தான் செலவு பண்ணணும்.

எடுக்கவேண்டியது கொஞ்சம்னா ரொம்ப முக்கியமான ஃபோல்டரை முதல்ல இழுத்துடுங்க. நிறைய இருந்து அங்கங்க மாட்டுதுன்னா லினக்ஸ்ல ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ (GNU ddrescue) போடுங்க, கெட்டுப்போற டிஸ்க்லேருந்து காப்பி எடுக்கவே இருக்குற டூல் அது. பழைய டிஸ்க்கைவிட பெரிய இன்னொரு டிஸ்க்குக்கு எடுங்க, எதுவரைக்கும் படிச்சதுன்னு குறிச்சு வைக்குற மேப் ஃபைலுக்கு ஒரு பேர் கட்டாயம் குடுத்து. முதல் ரவுண்டு மைனஸ் என் (-n) போட்டு, படிக்குற இடத்தை எல்லாம் அள்ளிடணும், கஷ்டமான இடத்தை அடுத்த ரவுண்டுல மைனஸ் ஆர் 3 (-r3, மூணு தடவை திரும்ப முயற்சி) வச்சு பாத்துக்கலாம். நடுவுல கரண்ட் போனாலும் மேப் ஃபைல் இருந்தா விட்ட இடத்துலேருந்து தொடரும். எந்த டிஸ்க்லேருந்து எந்த டிஸ்க்குக்குன்னு என்டர் தட்டறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை பாருங்க, மாத்தி குடுத்தா எல்லாம் போச்சு. அப்புறம் ரெக்கவரி சாஃப்ட்வேர் எதுவா இருந்தாலும் அந்த காப்பி மேலதான் ஓட்டணும், ஒரிஜினல் மேல இல்ல.

பேக்கப்புக்கு 3-2-1 கணக்கு: மூணு காப்பி, ரெண்டு விதமான மீடியா, ஒண்ணு வேற இடத்துல. கிளவுட் சிங்க் இருக்கே போதாதான்னு கேப்பீங்க, போதாது, இங்க அழிச்சா அங்கயும் அழியும். பல டிஸ்க்கை சேத்து ஒண்ணா ஓட்டுற ரெய்டும் (RAID) அப்படித்தான், டிஸ்க் போனா தாங்கும், தப்பா அழிச்சா தாங்காது. விண்டோஸ்ல ஃபைல் ஹிஸ்டரி, மேக்ல டைம் மெஷின், இல்லேன்னா ரெஸ்டிக் (restic), இந்த பேக்கப் சாஃப்ட்வேர்ல ஏதாவது ஒண்ணுல ஷெட்யூல் போட்டுடுங்க, கையால பண்றேன்னு சொன்னா ரெண்டு வாரத்துல மறந்துடுவோம். வெளி டிஸ்க்கை வேலை முடிஞ்சதும் கழட்டி வைங்க, சொருகியே இருந்தா, ஃபைலை பூட்டிட்டு காசு கேக்குற ரான்சம்வேர் வைரஸ் வந்து அதையும் சேத்து பூட்டிடும். எஸ்எஸ்டிதானே வச்சிருக்கேன்னு விட்டுடாதீங்க, அது சத்தமே போடாம ஒருநாள் நின்னுடும்.

மாசம் ஒரு தடவை பேக்கப்லேருந்து நாலஞ்சு ஃபைலை வேற ஃபோல்டருக்கு ரெஸ்டோர் பண்ணுங்க. பேரும் சைஸும் சரியா இருக்குன்னு மூடிடாம, போட்டோவை முழுசா தொறந்து கீழ்க்கோடி வரைக்கும் கலர் வருதான்னு பாருங்க, ஆடியோன்னா கடைசி வரைக்கும் ஓட்டிக் கேளுங்க.