தூக்கத்தை விற்று டப்பா வாங்குகிறவர்கள்: புதிதாக ஓட வருபவர்கள் சறுக்கும் இடங்கள்

டிசம்பர் வந்துவிட்டால் பெசன்ட் நகர் கடற்கரையில் காலை நாலரைக்கே ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். ஜனவரி மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தவர்கள். பாதிப் பேருக்கு அதுதான் முதல் அரை மாரத்தான், 21.1 கி.மீ. ஷூ புதுசு, வாட்ச் புதுசு, இடுப்பில் கட்டிய ஜெல் பெல்ட்டும் புதுசு. தவறுகள் மட்டும் பழசு. முன்னால் ஓடியவர்கள் எல்லாம் விழுந்து எழுந்த அதே குழிகள்.

வார்ம்அப் இல்லாமல் ஓடுவது, பிரிக்காத ஷூவைப் போட்டுக்கொண்டு நேராகப் பந்தயத்துக்குப் போவது இதெல்லாம் இங்கே வேண்டாம். ஒரு கொப்புளம் வந்தால் தானாகப் புரிந்துவிடும். ஓடாத மீதி 23 மணி நேரத்தில் செய்யும் தவறுகளுக்குக் கொப்புளம் வராது. அதனால்தான் பிடிபடுவதில்லை.

தூக்கத்தை வெட்டிப் பயிற்சியில் ஒட்டுவது

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். வாட்ச் திரையில் தூரம் 24 கி.மீ.; அதன் பக்கத்திலேயே முந்தைய இரவின் தூக்கம், 3 மணி 30 நிமிடம். பத்து நிமிடத்துக்குள் முப்பது கைதட்டல் பொம்மைகள். "வெறித்தனம்!" "நீ மெஷின்யா!" ஓடியவர்மேல் கோபம் இல்லை. அந்தக் கைதட்டல்தான் எரிச்சல். அடுத்த வாரம் இன்னும் நாலு பேர் அதே படத்தைப் போட அதுதான் காரணம்.

ஆள் எப்படிப்பட்டவர் என்று பார்ப்போம். ஓஎம்ஆரில் வேலை. அமெரிக்கா ஆபீஸோடு பேசும் போன் கால் முடிய இரவு 11. சாப்பிட்டு, கொஞ்ச நேரம் போனைத் தேய்த்து, படுக்க 12.30. அலாரம் 4 மணிக்கு. இப்படி வாரத்துக்கு நாலு நாள் என்றால் 14 மணி நேரம். மீதி மூன்று நாளும் ஏழு மணி நேரம் தூங்கினாலும் 21தான். மொத்தம் 35, சராசரி ஐந்து. ஆறாவது வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கும். எட்டாவது வாரத்தில் சளி பிடிக்கும். அப்போது கேட்கும் கேள்வி: "என்ன சப்ளிமென்ட் எடுக்கலாம்?"

ஓட்டம் உடம்பைக் கட்டுவதில்லை, கலைக்கிறது. தசை இழைகள் நுணுக்கமாகக் கிழிகின்றன, தசையில் சேமித்த சர்க்கரையான கிளைகோஜன் கரைகிறது. திரும்பக் கட்டும் வேலை ஓய்வில் நடக்கிறது. வளர்ச்சி ஹார்மோனின் பெரிய அலை எழுவது ஆழ்ந்த உறக்கத்தில். அந்த உறக்கம் இரவின் முதல் பாதியில் அதிகம். பின்பாதியில் கனவுகள் வரும் ரெம் உறக்கம். அலாரம் 4 மணிக்கு அடித்தால் முதலில் பறிபோவது இதுதான். ஓடும்போது கவனம் சிதறுவதும், வீட்டில் எரிந்து விழுவதும் இந்தக் கணக்கில் வரும்.

ஆய்வு என்ன சொல்கிறது? 2021இல் ஆஸ்திரேலியாவில் இளைஞர்களை ஓர் இரவு முழுக்க விழிக்க வைத்துப் பார்த்தார்கள். தசைப் புரதம் உருவாகும் வேகம் 18 சதவீதம் குறைந்தது. மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் 21 சதவீதம் ஏறியது, தசை வளர உதவும் டெஸ்டோஸ்டிரோன் 24 சதவீதம் இறங்கியது. அது முழு இரவு விழிப்பு. மூன்றரை மணி நேரத் தூக்கத்துக்கு அதே எண்ணை அப்படியே போட முடியாது. ஆனால் ஒரே இரவில் இவ்வளவு.

இதைவிட முக்கியமானது 2003இல் அமெரிக்காவில் நடந்த ஒன்று. தினம் ஆறு மணி நேரம் வீதம் இரண்டு வாரம் தூங்கியவர்களின் கவனத்திறன், ஒன்றிரண்டு இரவு கண்ணே மூடாதவர்களின் அளவுக்குச் சரிந்தது. அவர்களிடம் தூக்கக் கலக்கம் இருக்கிறதா என்று கேட்டால், லேசாகத்தான் இருக்கிறது என்றார்கள். "எனக்கு அஞ்சு மணி நேரம் போதும் சார், பழகிடுச்சு" என்பவருக்குப் பழகியது தூக்கக் குறைவு இல்லை. மந்தமாக இருப்பது பழகிவிட்டது.

எடை குறைக்க ஓடுபவர்களுக்கு 2010இன் சிகாகோ ஆய்வு. குறைந்த கலோரி உணவு, ஒரே ஆட்கள். ஒரு முறை எட்டரை மணி நேரம் படுக்கை, இன்னொரு முறை ஐந்தரை. எடை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு இறங்கியது. ஆனால் தூக்கம் குறைந்தபோது கொழுப்பு கரைந்தது பாதிக்கும் கீழே போனது; அந்த இடத்தில் தசை கரைந்தது. வீட்டுத் தராசில் இது தெரியாது.

மறுபக்கமும் உண்டு. 2011இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்கள் 11 பேரைத் தினம் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். ஐந்து முதல் ஏழு வாரத்தில் அவர்களின் ஸ்பிரிண்ட் நேரம் 16.2 விநாடியிலிருந்து 15.5க்கு வந்தது. ஃப்ரீ த்ரோ குறி 9 சதவீதம் கூடியது. சின்ன ஆய்வுதான், ஒப்பிட வேறு குழுவும் இல்லை. ஆனாலும் 11 பேரிடம் இதைச் சாதித்த பவுடர் எந்தக் கடையிலும் இல்லை.

இனி நடைமுறை.

ஆபீஸ் போன் கால் இரவு 11 மணிக்கு முடிகிற நாளுக்கு மறுநாள் காலை ஓட்டம் கிடையாது. அதை மாலை ஆறரைக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். வாரத்துக்கு ஐந்து ஓட்டம் என்ற அட்டவணையை மூன்றாக்கி, அந்த மூன்றையும் தூங்கிய உடம்போடு ஓடுங்கள். முந்தைய இரவு ஆறு மணி நேரத்துக்குக் கீழே போனால் வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓடும் இன்டர்வெல் பயிற்சியும் நீள ஓட்டமும் தள்ளிப்போகும். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 30 நிமிடம் போதும். இரண்டு இரவு தொடர்ந்து அப்படியென்றால் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். மதியம் 20, 30 நிமிடக் குட்டித் தூக்கம் கைகொடுக்கும். மூன்று மணிக்குமேல் வேண்டாம், இரவுத் தூக்கத்தைத் தின்றுவிடும்.

சென்னை வெக்கையில் தூக்கம் வராததற்கு ஒரு வழி, படுக்க ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு 40 டிகிரி வெதுவெதுப்பில் பத்து நிமிடக் குளியல். தோலுக்கு ரத்தம் பாய்ந்து உள்சூடு வெளியேறும், கண் சீக்கிரம் சொக்கும். குளிர்ந்த தண்ணீரில்தான் குளிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் ஒருமுறை இதைச் செய்து பார்க்கலாம்.

மாலை ஏழு மணி ஸ்கூப்

பயிற்சிக்கு முன் கலக்கிக் குடிக்கும் ப்ரீ-வொர்க்அவுட் பொடி டப்பாவில் ஒரு ஸ்கூப்புக்கு 200 முதல் 300 மி.கி. காஃபின் இருப்பது சகஜம். காஃபினில் பாதி உடம்பிலிருந்து வெளியேற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் கூடும், குறையும். ஏழு மணிக்கு 300 மி.கி. போட்டால் நள்ளிரவில் 150 மிச்சம், காலை ஐந்து மணிக்கு 75. படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு எடுத்த 400 மி.கி.கூட ஒரு மணி நேரத்துக்குமேல் தூக்கத்தைப் பிடுங்கியதாக 2013இல் ஆய்வு வந்திருக்கிறது. "ஸ்கூப் போட்டும் நல்லாத்தான் தூங்குறேன்" என்பவர்கள் தூங்குகிறார்கள்தான், ஆழம் குறைவு. மறுநாள் அசதி, அதற்கு இன்னொரு ஸ்கூப். இந்தச் சக்கரத்தில் ஏறியவர்கள் இரண்டு வாரம் மதியம் ஒன்றுக்குமேல் காபியையும் சேர்த்து நிறுத்திப் பார்க்கட்டும்.

வாட்ச் சொல்லும் ரெக்கவரி மார்க்

எழுந்ததும் அதைப் பார்க்காதீர்கள். முதலில் மாடிப்படி ஏறி இறங்குங்கள். உடம்பு தேறியதா என்று கால்களே சொல்லிவிடும்.

ஓடுவதற்கு முன்னால் வலி மாத்திரை

பந்தயத்தன்று காலை "சேஃப்டிக்கு" என்று ஐபுபுரூஃபனோ டைக்ளோஃபினாக்கோ போடும் பழக்கம் பரவிவிட்டது. வெயிலில் ஓடும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் ஏற்கெனவே குறைந்திருக்கும். அந்த நேரத்தில் ரத்தக் குழாயை விரித்து வைத்திருக்கும் புரோஸ்டாகிளாண்டின்களையும் இந்த மாத்திரை அடைத்துவிடும். நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் 2017இல் வந்த ஆய்வில், ஐபுபுரூஃபன் போட்டவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறி. மருந்தில்லாத வெற்று மாத்திரை போட்டவர்களில் 34. ஓடவே மாத்திரை வேண்டியிருக்கும் கால் அன்றைக்கு ஓடக்கூடாத கால். ஓடி முடித்தபின் சிறுநீர் கோலா நிறத்தில் போனால் வீட்டில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஓஆர்எஸ் பாக்கெட்டைப் பாட்டிலில் கொட்டுவது

21.8 கிராம் பாக்கெட் ஒரு லிட்டருக்கு உரியது. அரை லிட்டர் பாட்டிலில் முழுசையும் கொட்டினால் கரைசல் இரட்டிப்பு அடர்த்தியாகி, குடலுக்குள் தண்ணீரை இழுக்கும். பதினைந்தாவது கிலோமீட்டரில் கழிப்பறை தேட வேண்டியதுதான்.

எதிர்த்திசையில் போகிறவர்களும் உண்டு. ஒவ்வொரு ஸ்டாலிலும் வெறும் தண்ணீராக இரண்டு கப். ஐந்து மணி நேரம் மெதுவாக ஓடுகிறவர் இப்படிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்துச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தவர்களில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தலைவலி, வாந்தி, குழப்பம் எல்லாம் வரும். பார்ப்பவர்கள் நீர்ச்சத்துக் குறைவு என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள். அங்கேதான் ஆபத்து.

தராசு இருந்தால் அளவு தெரிந்துவிடும். ஓடுவதற்கு முன்னும் பின்னும், வியர்த்த துணியைக் கழற்றிவிட்டு எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் போயிருக்கிறது. எடை கூடியிருந்தால் அளவுக்குமேல் குடித்திருக்கிறீர்கள்.

புரத டப்பாவை வைத்துச் சாப்பாட்டைத் திட்டமிடுவது

கணக்கைத் தட்டிலிருந்து தொடங்குங்கள். தசை வளர்ச்சிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் வரை பலன் தெரிகிறது. 65 கிலோ ஆளுக்கு 104 கிராம். முட்டை ஒன்றில் 6, கால் லிட்டர் பாலில் 8, வெந்த கோழி 100 கிராமில் 30 கிராம் அளவில், வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணத்தில் 14. எழுதிக் கூட்டிப் பார்த்துத் துண்டு விழுந்தால் அந்தத் துண்டுக்கு மட்டும் பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் பொடி. டப்பாவை நம்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்தியாவில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024இல் வந்த ஆய்வில் 25இல் லேபிளும் உள்ளடக்கமும் பொருந்தவில்லை. பொருள் பட்டியலில் கிளைசின், டாரின் என்று மலிவான அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்த்திருந்தால் புரத அளவை ஏற்றிக் காட்டும் வேலையாக இருக்கலாம்.

வைட்டமின் சி 1,000 மி.கி. தினமும்

பயிற்சிக் காலத்தில் வேண்டாம். உடம்பு பயிற்சிக்குப் பழகுவதற்கான சமிக்ஞையையே மட்டுப்படுத்தக்கூடும். நெல்லிக்காய் தின்னுங்கள்.

ஐஸ் டிரம்

ஐஸ் தண்ணீர் டிரம்முக்குள் உட்காருவது ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆடும் கபடிக்காரருக்கு உதவும். எடை தூக்கிய கையோடு இறங்காதீர்கள். 12 வாரம் அப்படிச் செய்தவர்களுக்குத் தசை வளர்ச்சி குறைந்ததை 2015இல் பார்த்தார்கள். அவர்கள் இருந்தது 10 டிகிரி தண்ணீரில், பத்து நிமிடம்தான்.

மாநில அளவில் போட்டியிடுபவர்கள் பெயர் தெரியாத டப்பா வாங்குவது

ஊக்கமருந்துச் சோதனையில் சிறுநீரில் இருப்பதற்கு வீரர்தான் பொறுப்பு. "லேபிளில் போடவில்லை" என்பதோடு வழக்கு முடியாது. தடை நான்கு ஆண்டுகள் வரை போகலாம். மெத்தில்ஹெக்ஸனமைன் என்ற தடைசெய்யப்பட்ட ஊக்கி, ஜெரேனியம் சாறு என்ற சாதுவான பெயரில் லேபிளில் வந்திருக்கிறது. எதை வாங்கினாலும் பில், பேட்ச் எண்ணின் படம், டப்பாவில் கொஞ்சம் மிச்சம் மூன்றையும் வைத்திருங்கள். கலப்படம் என்று நிரூபிக்க வேண்டி வந்தால் கையில் இருப்பது அவ்வளவுதான். சோதனைப் படிவத்தில், எடுத்த எல்லாவற்றையும் எழுதுங்கள்.

பந்தயத்துக்கு முந்தைய இரவு தூக்க மாத்திரை தேடுவது

இரண்டரைக்கு எழ வேண்டும் என்று எட்டு மணிக்கே படுத்தால் தூக்கம் வராது. பதற்றத்தில் வீட்டில் கிடக்கும் அலர்ஜி மாத்திரையான அவிலையோ செட்ரிசினையோ போடாதீர்கள். அந்த மயக்கம் ஸ்டார்ட்டிங் லைன் வரைக்கும் கூட வரும். ஓர் இரவுத் தூக்கம் கெடுவது கால்களை அவ்வளவாகப் பாதிக்காது, முந்தைய ஐந்தாறு இரவுகள் நிறைந்திருந்தால். அதனால் சேமிப்பைத் திங்கட்கிழமையே தொடங்கி, தினம் அரை மணி நேரம் முன்னதாகப் படுங்கள். கடைசி இரவில் பந்தய எண் அட்டையான பிப்பைச் சட்டையில் குத்தி, ஷூவை வாசல் பக்கம் வைத்து, போனைக் கைக்கெட்டாத இடத்தில் சார்ஜில் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சும்மா படுத்திருங்கள்.