வெயில் காலத்துல ப்ராசஸர் கொதிக்குதா? ஹீட்சிங்க் அடிய மட்டமாக்குறது எப்படி

குடியாத்தத்துல கத்திரி வெயில் ஆரம்பிச்சுட்டா ரூமுக்குள்ளயே 38, 40 டிகிரி நிக்கும், ஏசி இல்லாத கடையில சிஸ்டம் வெச்சு பொழப்ப ஓட்டுறவங்களுக்கு அந்த மாசம் ரொம்ப கஷ்டம். ஃபேன் வெச்ச கூலர் எவ்ளோ காசு குடுத்து வாங்கினதா இருந்தாலும் ரூம் சூட்டுக்குக் கீழ ப்ராசஸர கொண்டு போக முடியாது, அதனால டிசம்பர்ல 70 காட்டின சிஸ்டம் மே மாசம் 85 காட்டினா அதுல தப்பே இல்ல, வெளிய ஏறினது உள்ள ஏறியிருக்கு அவ்ளோதான். ஆனா அதே வேலைக்கு 95, 100ன்னு போயி, ஸ்பீடு தானா குறைஞ்சு, வேலை நடுவுல பொட்டுனு ஆஃப் ஆகுதுன்னா அங்க வேற ஏதோ இருக்கு.

போன வருஷம் பரதராமி பக்கத்துல இருந்து ஃப்ளெக்ஸ் டிசைன் பண்ற அண்ணன் ஒருத்தர் இந்த மாதிரி ஒரு சிஸ்டத்த தூக்கிட்டு வந்தாரு, சித்தூர் ஆர்டரும் நம்ம பக்கத்து ஆர்டரும் சேந்து வர்ற சீசன், மெஷின் நின்னா அவருக்கு அன்னிக்கு வருமானம் இல்ல. ஃபேன் மாத்தியாச்சு, ப்ராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவுல தடவுற சூடு கடத்துற பேஸ்ட் ரெண்டு தடவ மாத்தியாச்சு, அப்பவும் 93. ஹீட்சிங்க, அதாவது ப்ராசஸர் மேல உக்காந்து சூட்ட இழுக்கிற உலோகக் கட்டிய, கழட்டி அடிய துடைச்சு ஸ்டீல் ஸ்கேல நிக்க வெச்சு டியூப்லைட்டுக்கு நேரா பிடிச்சேன், ரெண்டு ஓரமும் ஸ்கேல தொடுது, நடுவுல வெளிச்சம் கோடு மாதிரி தெரியுது. நடு தேஞ்ச அம்மி எப்படி இருக்கும், அதே தான்.

ப்ராசஸர் மேல இருக்கிற உலோக மூடிக்கும் ஹீட்சிங்க் அடிக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி தான் இங்க எல்லாமே. செம்பு வெப்பத்த கடத்துற அளவு சுமார் 400ன்னு வெச்சுக்கோங்க, அலுமினியம் 200க்கு மேல, நல்ல பேஸ்ட்டே ஒத்த இலக்கத்துல தான் நிக்கும், காத்து 0.026. பேஸ்ட் காத்த விட பல மடங்கு மேல், ஆனா செம்புக்குப் பக்கத்துல அது ஒண்ணுமே இல்ல. அதனால பேஸ்ட் எவ்ளோ மெல்லிசா இருக்கோ அவ்ளோ நல்லது, நடுவுல குழி இருந்தா அந்த குழி முழுக்க தடிமனா பேஸ்ட் போய் உக்காந்துக்கும், ப்ராசஸரோட சிப் இருக்கிறதும் பெரும்பாலும் அந்த நடு பக்கம் தான்.

உடனே உப்புத்தாள தூக்காதீங்க. முதல்ல தூசி, ஹீட்சிங்க் இடுக்குல நம்ம ஊரு தறிப்பஞ்சு கம்பளி மாதிரி அடைஞ்சிருக்கும். அப்புறம் பேஸ்ட் காஞ்சிருக்கான்னு பாருங்க, கூலர போர்டுல பிடிச்சிருக்கிற நாலு பின்னும் ஒழுங்கா உள்ள இறங்கியிருக்கான்னு பாருங்க, இன்டெல் கூட வர்ற கூலர்ல ஒரு பின் தூக்கிட்டு நின்னாலே போதும் சூடு ஏறிடும். பத்துல எட்டு சிஸ்டம் எங்கிட்ட இதோடயே சரியாகிப் போயிடுது.

இன்னொன்னு, இது முக்கியம். சில கம்பெனி ஹீட்சிங்க் அடிய வேணும்னே நடுவுல லேசா மேடா வெச்சு தான் பண்றாங்க, ஏன்னா இன்டெல் சாக்கெட்ல, அதாவது மதர்போர்டுல ப்ராசஸர் உக்கார்ற இடத்துல, லாக் பண்ற இரும்பு ஃப்ரேம் ப்ராசஸர ரெண்டு பக்கம் அமுக்குறதால அதோட மூடி நடுவுல கொஞ்சம் குழியும். 2021ல வந்த எல்ஜிஏ 1700 சாக்கெட்ல இது நல்லாவே தெரிஞ்சுது. கூலர் கம்பெனி நாக்டுவா 2024ல விட்ட என்ஹெச்-டி15 ஜி2 கூலர அடிப்பக்க வளைவு வேற வேறயா மூணு வகையில விட்டாங்க. அந்த மாதிரி மேடு அடிய தேய்ச்சு மட்டமாக்கினா இருக்கிறதும் போயிடும். ஸ்கேல் வெச்சு பாக்குறப்ப நடு குழியா இருந்தா, இல்ல கோணலா இருந்தா மட்டும் தேய்க்கலாம்.

சரி, வேணும்ங்கிறது என்னன்னா முதல்ல கண்ணாடி. கண்ணாடி கடையில 10 எம்எம் வெட்டுத்துண்டு ஒரு அடிக்கு ஒரு அடி கேளுங்க. இப்ப கடையில கிடைக்கிற கண்ணாடி எல்லாம் உருகின தகரத்து மேல மிதக்க விட்டு செய்யுறது, அதனால தான் அவ்ளோ மட்டமா இருக்கு, நம்ம டேபிளோ கடப்பா கல்லோ கண்ணுக்கு மட்டமா தெரிஞ்சாலும் இதுக்கு ஆகாது. நான் ஆரம்பத்துல தாள மரக்கட்டையில சுத்தி கையில தேய்ச்சேன், பளபளன்னு வந்துச்சு, ஆனா நாலு ஓரமும் உருண்டு போயி முன்னாடி இருந்தத விட 4 டிகிரி ஏறிடுச்சு. அப்புறம் உப்புத்தாள், கார் பெயின்டர்ங்க வாட்டர் பேப்பர்னு சொல்ற கருப்பு ரகம், 400, 600, 800, 1000 நம்பர் தலா ரெண்டு, நம்பர் ஏற ஏற தாள் நைசு. மரத்துக்குப் போடுற பழுப்பு தாள் தண்ணி பட்டா கிழிஞ்சிடும்.

கழட்டும்போது ஒரு விஷயம். ஏஎம்டி கம்பெனியோட ஏஎம்4 சாக்கெட் ப்ராசஸர்ல மெல்லிசு கம்பி மாதிரி பின் எல்லாம் ப்ராசஸர்லயே இருக்கும், பேஸ்ட் காஞ்சிருந்து நீங்க நேரா மேல இழுத்தா ப்ராசஸரும் சாக்கெட்ல இருந்து பிடுங்கிட்டு வந்து பின் வளைஞ்சிடும், அதனால பத்து நிமிஷம் சிஸ்டத்த ஓட விட்டு சூடாக்கி ஆஃப் பண்ணி ப்ளக்க பிடுங்கிட்டு, லேசா இடவலமா திருகி அப்புறம் தூக்குங்க. ஃபேன தனியா கழட்டிடுங்க. தேய்க்கிற இடம் மதர்போர்டு இருக்கிற டேபிள் வேண்டவே வேணாம், அந்த தூள் கரண்ட் கடத்தும், போர்டு மேல விழுந்தா ஷார்ட்டு.

கண்ணாடி மேல தண்ணி தெளிச்சு 400 நம்பர் தாள வெச்சா தானா ஒட்டிக்கும், ஓரத்துல டேப் போட்டுக்கோங்க. மேல சோப்பு தண்ணி. ஹீட்சிங்க் அடியில மார்க்கர்ல குறுக்கும் நெடுக்கும் கட்டம் கட்டமா கோடு போடுங்க, கோடு அழியாத இடம் இன்னும் தாள தொடலன்னு அர்த்தம். இப்ப ஹீட்சிங்க அடிப்பக்கம் ஒட்டி பிடிச்சு, உச்சிய பிடிக்காதீங்க ஆடிடும், நேரா முன்ன பின்ன 20 இழுப்பு, 90 டிகிரி திருப்பி இன்னொரு 20, இப்படியே. அமுக்கவே வேணாம், அதோட கனமே போதும், அமுக்குற பக்கம் அதிகமா தேயும்.

அந்த அண்ணனோடது நிக்கல் பூசின செம்பு. முதல் ரவுண்டுலயே நாலு ஓரத்துலயும் செம்பு சிவப்பா எட்டிப் பாத்துச்சு, நடுவுல ஒரு ரூபா காசு அளவு வெள்ளை வட்டம், அதுல மார்க்கர் கோடு கூட அழியல. தண்ணி செம்மண் குட்டை மாதிரி ஆயிடுச்சு, கழுவி திரும்ப தேய்ச்சேன். காசு மிளகு அளவாச்சு, அப்புறம் புள்ளி, முக்கால் மணி நேரத்துல காணோம். 400லயே அது முழுசா போகணும், போகாம 600க்கு தாவினீங்கன்னா விடியற வரைக்கும் தேய்க்க வேண்டியது தான். அப்புறம் ஒவ்வொரு நம்பருக்கும் முந்தின தாளோட கீறல் மறையற வரைக்கும் தான், அஞ்சு பத்து நிமிஷம். நம்பர் மாத்தும்போது ஹீட்சிங்கையும் கண்ணாடியையும் நல்லா கழுவிடுங்க, ஒரு பெரிய மணல் மாட்டினாலும் கீறிடும். 1000 போடும்போது தாள்ல அடி பசை வெச்ச மாதிரி ஒட்டி இழுக்கும், அப்ப மட்டமாயிடுச்சுன்னு புரிஞ்சுக்கலாம்.

அதோட நிறுத்துங்க. 2000 வரைக்கும் போயி மெட்டல் பாலிஷ் போட்டு முகம் பாக்குற அளவுக்கு தேய்க்கிறவங்க இருக்காங்க, பாக்க அழகு தான், ஆனா துணியில பாலிஷ் போட்டா ஓரம் திரும்ப உருளும், பாலிஷ்ல இருக்கிற மெழுகு பேஸ்ட்டுக்கு நடுவுல உக்காந்துக்கும். நமக்கு வேண்டியது மட்டம், மினுமினுப்பு இல்ல.

அடியில செம்பு குழாய் நேரா தெரியுற கூலர்ல ரொம்ப பாத்து, அந்த குழாய் சுவர் மெல்லிசு, உள்ள காத்து எடுத்துட்டு கொஞ்சமே கொஞ்சம் தண்ணி வெச்சு மூடியிருப்பாங்க, ஓட்டை விழுந்தா கூலரே வீண். நான் அந்த ரகத்த 600ல லேசா தேய்க்கிறதோட சரி. காய வைக்கிறேன்னு அடுப்பு, நெருப்பு பக்கம் எதையும் கொண்டு போகாதீங்க. ப்ராசஸர் மூடியையும் தேய்க்கலாமான்னு தம்பிங்க கேக்குறாங்க, வாரன்டி போயிடும், மேல இருக்கிற நம்பர் அழிஞ்சா விக்கவும் முடியாது, நான் செய்யுறதில்ல.

கடைசியா ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு, விரல் படாம, பட்டாணி அளவு பேஸ்ட் வெச்சு, எதிர் எதிர் மூலையா ஸ்க்ரூவ முடுக்குங்க. காலியம் கலந்த லிக்விட் மெட்டல் பேஸ்ட்ட அலுமினிய அடியில வெக்கவே கூடாது, அரிச்சிடும். டெஸ்ட் பண்ணும்போது ரூம் சூட்டையும் எழுதி வெச்சு அத கழிச்சு பாருங்க. அந்த அண்ணன் சிஸ்டம் 40 டிகிரி ரூம்ல 93, அதாவது 53 மேல. தேய்ச்ச பிறகு 38 டிகிரி ரூம்ல 84, அதாவது 46 மேல. 93ல இருந்து 84ன்னா 9 குறைஞ்ச மாதிரி தெரியும், அதுல 2 டிகிரி வெயில் குறைஞ்சது, நம்ம வேலை 7. அடி ரொம்ப மோசமா இருந்ததால தான் அவ்ளோ, சாதாரணமா 2, 3 கிடைச்சாலே சந்தோஷம். மூடுறதுக்கு முன்னாடி ஃபேன் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு ஒரு துண்டு பேப்பர் பிடிச்சு பாத்துக்கோங்க, திருப்பி மாட்டியிருந்தா இவ்ளோ நேரம் தேய்ச்சதுக்கு பலனே தெரியாது.