மலை மறைக்கும் இடத்தில் டிவி அன்டனா: படம் தெளிய என்ன செய்வது

இலங்கை மலைநாட்டில் டிவி படம் சரியாக விழவில்லை என்றால் பலர் முதலில் ஓடிப்போய் வாங்குவது, சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர். உண்மையில் அது கடைசியாக வாங்க வேண்டிய சாமான். சிக்னல் எந்த வழியாக உங்கள் வீட்டுக்கு வந்து சேருகிறது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை. அதற்கு அதிகம் செலவில்லை, ஒரு பகல் பொழுது போகும், அவ்வளவுதான். இடம், திசை, அன்டனா, வயர், பூஸ்டர் என்ற வரிசையில் போனால் பாதிப் பேருக்குப் பூஸ்டர் தேவைப்படாது.

படம் என்ன சொல்கிறது?

படம் முழுக்க எறும்பு மொய்ப்பது போலப் புள்ளி அடித்தால் சிக்னல் பலவீனம். உருவத்துக்குப் பக்கத்தில் இன்னொரு உருவம் நிழலாக நின்றால் ஒரே சிக்னல் இரண்டு வழியாக வருகிறது: ஒன்று நேராக, மற்றது எதிர்மலையில் பட்டுத் திரும்பி. ஒரு சேனலின் மேல் இன்னொரு சேனல் மங்கலாக ஓடினால் சிக்னல் அளவுக்கு மிஞ்சிவிட்டது, பூஸ்டரைக் கழற்றிப் பாருங்கள். மழை பெய்தால் மட்டும் கெட்டு, வெயில் அடித்தால் சரியானால் வயருக்குள் தண்ணீர் போயிருக்கிறது. படம் கண்ணாடி போல இருந்தும் சத்தம் வரவில்லையா? அன்டனாவைத் தொடாதீர்கள். டிவியின் ஒலி முறை பி/ஜி என்பதில் இருக்கிறதா என்று மெனுவில் பாருங்கள்.

இந்த வேலைக்குப் புதிய எல்.இ.டி. டிவியை விடப் பழைய பெட்டி டிவி நல்லது. எல்.இ.டி. டிவிகள் பல, சிக்னல் குறைந்ததும் நீலத்திரை போட்டு மூடிவிடும். அன்டனாவைத் திருப்பும்போது படம் கொஞ்சம் கூடுகிறதா, குறைகிறதா என்று தெரியாது. பெட்டி டிவி கிடைக்காவிட்டால் மெனுவில் நீலத்திரையை நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள்.

திசை

1982இல் அரசுத் தொலைக்காட்சி ரூபவாஹினி தொடங்கிய காலம் முதல் மலைநாட்டு வீடுகள் பலவும் பார்த்து நிற்பது பீதுருதாலகாலை மலையை. 2,524 மீட்டர், நாட்டின் மிக உயர்ந்த சிகரம், ஒளிபரப்புக் கோபுரம் நிற்பது அதன் உச்சியில். ஹட்டனிலிருந்து அது வடகிழக்கில் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். பதுளையிலிருந்து கிட்டத்தட்ட நேர் மேற்கில் 30 கிலோமீட்டர் சொச்சம். பண்டாரவளையிலிருந்து வடமேற்கு. கண்டியிலிருந்து தென்தென்கிழக்கில் 35 கிலோமீட்டர் அளவு. எல்லாச் சேனலும் ஒரே மலையிலிருந்து வருவதில்லை என்பதால், திசைகாட்டி சொன்ன திசையில் ஒரு தடவை பார்த்த பிறகு முழு வட்டமும் சுற்றிப் பாருங்கள்.

கணினி இருந்தால் கூகுள் எர்த்தில் சிகரத்துக்கும் உங்கள் வீட்டுக்கும் கோடு போட்டு அதன் உயர வெட்டுமுகத்தைப் பார்க்கலாம். எந்த மேடு மறைக்கிறது, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது ஐந்து நிமிடத்தில் விளங்கும். இந்தத் தூரம் முக்கியம். மேட்டின் உச்சியில் பட்டு அலை கொஞ்சம் கீழே வளையும், ஆனால் செங்குத்தாக இறங்காது. ஆகவே மலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், தோட்டக் குடியிருப்பு வரிசையான லயத்துக்குக் கிடைக்காத சிக்னல், அதே மட்டத்தில் மலையை விட்டு 200 மீட்டர் தள்ளியிருக்கும் லயத்துக்குக் கிடைக்கும். அலைநீளம் கூடிய வி.எச்.எஃப். அலை இப்படி நன்றாக வளையும், அலைநீளம் குறைந்த யு.எச்.எஃப். அவ்வளவு வளையாது. பள்ளத்து வீடுகளில் சில சேனல் மட்டும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அன்டனா விற்ற கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இடம் தேடுவது

அன்டனாவை 10 அடிக் கம்பில் கட்டி, 30 மீட்டர் வயரோடு கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நடக்க வேண்டும். ஒருவர் டிவி முன்னால் இருந்து குரல் கொடுக்கட்டும், அல்லது வீடியோ காலில் திரையைக் காட்டட்டும். மின்கம்பி போகும் பக்கம் மட்டும் கம்போடு போகவே கூடாது.

நடக்கும்போது ஒரு முழம், இரண்டு முழமாக நகருங்கள். நேராக வரும் அலையும் மலையில் பட்டு வரும் அலையும் சேரும் இடத்தில் சில புள்ளிகளில் ஒன்றையொன்று கூட்டும், சில புள்ளிகளில் அழிக்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையிலிருந்து வந்தால், ஒரு செத்த புள்ளிக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி அரை அலைநீளம். வி.எச்.எஃப்.இல் 200 மெகாஹேர்ட்ஸ் அளவில் அது 75 சென்டிமீட்டர். யு.எச்.எஃப்.இல் 600 மெகாஹேர்ட்ஸ் என்றால் வெறும் 25 சென்டிமீட்டர். கூரையின் ஒரு மூலையில் வராத சேனல் மறு மூலையில் வருவது இதனால்தான். உயரத்திலும் இதே கதை. 20 அடியில் வந்த படம் 24 அடியில் மங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம், கம்பத்தைக் கூட்டிக்கொண்டே போவது மருந்தல்ல. ஒவ்வொரு இடத்திலும் அன்டனாவைச் சுற்றி, பிறகு அதன் மூக்கை மறைக்கும் மேட்டின் உச்சியைப் பார்க்கும்படி 10 முதல் 20 பாகை வரை தூக்கிப் பாருங்கள். செங்குத்தான மலை மறைக்கும் இடங்களில் இந்தச் சின்னச் சரிவே படத்தைக் கொண்டுவந்துவிடும்.

நேர்வழி எங்கேயும் கிடைக்கவில்லை என்றால் முதுகைத் திருப்புங்கள். எதிரே சிகரத்தைப் பார்த்து நிற்கும் பாறைமுகம் இருந்தால், அதில் பட்டு வரும் சிக்னலே போதுமானதாக இருக்கலாம். அன்டனா தவறான திசையைப் பார்ப்பதாக அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தேயிலைச் சரிவும் காடும் அலையை விழுங்கும், வெறும் கல்மலை திருப்பி அனுப்பும்.

யூக்கலிப்டஸ் தோப்புக்குப் பின்னால் அன்டனா வைத்தால் காற்றில் மரம் ஆடும்போதெல்லாம் படமும் ஆடும். நனைந்த இலை யு.எச்.எஃப்.ஐ நன்றாகவே தடுக்கும். வெயில் நாளில் சோதித்துவிட்டு நிரந்தரமாகக் கட்டிவிடாதீர்கள்.

நிழல் விழுந்தால்

நிழலை அளந்து அதன் ஊற்றைக் கண்டுபிடிக்கலாம். 32 அங்குல டிவியில் படம் முழு அகலத்துக்கும் விரிந்திருந்தால், நிழல் ஒரு சென்டிமீட்டர் வலப்பக்கம் தள்ளி விழுவதற்கு, அந்த அலை ஏறத்தாழ 220 மீட்டர் அதிகம் சுற்றி வந்திருக்கிறது என்று பொருள். நேர் பின்னால் உள்ள பாறையில் பட்டு வந்தால் போகவர இரண்டு தடவை, ஆகவே பாறை 110 மீட்டர் தூரத்தில். பக்கவாட்டு மலை என்றால் கணக்கு மாறும், ஆனாலும் எந்த மலை என்று ஊகிக்கப் போதும். நிழல் இடப்பக்கம் விழுந்தால் நீங்கள் முதன்மையாகப் பார்ப்பதே சுற்றி வந்த சிக்னல்.

பின்னாலிருந்து வரும் நிழலுக்கு அன்டனாவை உயர்த்தாமல் தாழ்த்துங்கள். வீட்டுத் தகரக்கூரை அன்டனாவுக்கும் அந்தப் பாறைக்கும் நடுவில் வரும்படி முன்பக்கமாக இறக்கிவிட்டால், தகரமே மறைப்பாகிவிடும். பக்கவாட்டில் வந்தால், படம் மிகப் பலமாக இருக்கும் திசையை விட்டு, நிழல் மிகக் குறையும் திசைக்குத் திருப்புங்கள். கொஞ்சம் புள்ளி அடித்தாலும் நிழலில்லாத படமே கண்ணுக்கு இதம்.

அதுவும் போதாவிட்டால் ஒரே மாதிரி இரண்டு அன்டனாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். சிக்னல் நேரே வர, நிழல் 30 பாகை பக்கத்திலிருந்து வந்தால் இடைவெளி ஒரு அலைநீளம். 45 பாகை என்றால் அதில் 0.7 பங்கு. 300ஐ மெகாஹேர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் அலைநீளம் வரும். இரண்டுக்கும் சரிசமமான நீளத்தில் வயர் வெட்டி, ஒரு வயரை இரண்டாகப் பிரிக்கும் இருவழி ஸ்பிளிட்டரைத் தலைகீழாகப் போட்டு இணையுங்கள். வயர் நீளம் ஒரு சாண் மாறினாலும் கணக்கு கெடும்.

கம்பமும் வயரும்

மூங்கில் மலிவு, ஆனால் காய்ந்ததும் முறுக்கும், அன்டனாவும் திரும்பிவிடும். ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப் 20 அடி போதும். 14 அடி உயரத்தில் மூன்று பக்கமும் இழுகம்பி கட்டுங்கள். சமதரையில் முளையைக் கம்பத்திலிருந்து 8 முதல் 10 அடி தள்ளி அடிக்கலாம். சரிவில் கீழ்ப்பக்கக் கம்பி செங்குத்தாகிப் பிடிமானம் குறையும் என்பதால், அந்த முளையை இன்னும் தள்ளி அடிக்க வேண்டும். முளைக்கு 3 அடி ஆங்கிள் இரும்பு. மழைக்கு மண் இளகும், பருவமழையின் முதல் வாரத்தில் ஒருமுறை இறுக்குங்கள். ஹட்டன் பக்கம் தென்மேற்குக் காற்றுதான் சோதனை, பதுளைப் பக்கம் டிசம்பர் மழை. வி.எச்.எஃப். அன்டனா தகரத்துக்கு மேல் குறைந்தது ஒன்றரை மீட்டராவது நிற்கட்டும்.

வயர் 75 ஓம் ஆர்.ஜி.6 வாங்குங்கள். 100 மீட்டரில் வி.எச்.எஃப்.இல் சுமார் 10 டெசிபல் (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் சொல்லும் அலகு), யு.எச்.எஃப்.இல் 17 அளவு போகும். மெல்லிய வயரில் இழப்பு இன்னும் கூடும். பழைய தட்டை வயர் நனைந்தால் சிக்னலைக் குடித்துவிடும், கழற்றி வீசுங்கள். இணைப்பு கீழ்ப்பார்த்து இருக்க வேண்டும், அதன் மேல் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப் சுற்ற வேண்டும். சாதாரண பி.வி.சி. டேப் வெயிலில் கழன்றுவிடும். வீட்டுக்குள் நுழையுமுன் வயரை ஒரு வளைவு தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிப் போகும். வயரை வெட்டும்போது உள்ளே கம்பிப் பின்னல் கறுத்திருந்தால், செம்பு பளிச்சென்று தெரியும் வரை வெட்டிக்கொண்டே போங்கள்.

இனிப் பூஸ்டர்

பூஸ்டர் அன்டனாவுக்குப் பக்கத்தில், கம்பத்திலேயே இருக்க வேண்டும். டிவிக்குப் பின்னால் வைத்தால் வயரில் தொலைந்த பிறகு மிஞ்சியதையும் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். நல்ல இடம் வீட்டிலிருந்து 100 மீட்டர் மேலே மேட்டில் இருந்தால்தான் பூஸ்டருக்கு உண்மையான வேலை. மேட்டில் அன்டனாவும் பூஸ்டரும், வயர் வழியாகவே கீழிருந்து மின்சாரம், இழப்பையெல்லாம் 25 டெசிபல் பூஸ்டர் ஈடுகட்டிவிடும். தேயிலைக்குள் கம்பம் நடுவதற்குத் தோட்ட நிர்வாகத்திடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

நுவரெலியா நகரில் நிலைமை தலைகீழ். கோபுரம் தலைக்கு மேல் இருப்பதால் பூஸ்டர் போட்டால் சேனல்கள் ஒன்றோடொன்று கலக்கும். அங்கே சின்ன அன்டனாவும் சிக்னலை 10 அல்லது 20 டெசிபல் குறைக்கும் அட்டெனுவேட்டரும் போதும்.

ஒரு லயத்துக்கே ஒரு நல்ல அன்டனா போட்டுப் பகிர்வதும் நடக்கும் காரியம். இருவழிப் பிரிப்பில் 4 டெசிபல், நால்வழியில் 8, எட்டுவழியில் 12 அளவு போகும், ஆகவே பிரிப்பதற்கு முன்பே பெருக்குங்கள். பூஸ்டருக்கு மின்சாரம் போகும் பக்கத்தில் டி.சி. கடத்தும் ஸ்பிளிட்டர் வேண்டும். வயர் மாட்டாத வாய்களுக்கு 75 ஓம் முனையடைப்பு போடாவிட்டால் அங்கிருந்து திரும்பும் அலை மற்றவர் படத்தின் ஓரங்களைக் கலைக்கும்.

மின்னல்

மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி வரும். கம்பத்தை 16 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியால், வளைவு குறைத்து, ஒன்றரை மீட்டர் எர்த் கம்பியோடு இணையுங்கள். வயரின் பின்னலும் வீட்டு மின் எர்த்தும் அதோடு சேர வேண்டும், அந்த இணைப்பை மட்டும் மின்பணியாளரிடம் விடுங்கள். கம்பம் சாய்ந்தாலும் மின்சார சபைக் கம்பியில் படாத தூரத்தில் நிற்க வேண்டும், கம்ப உயரத்தின் ஒன்றரை மடங்கு. எர்த் போட்டிருந்தாலும் வானம் இருட்டும்போதே, இடி கேட்குமுன் அன்டனா வயரையும் பூஸ்டர் பிளக்கையும் கழற்றுங்கள். இடி கேட்ட பிறகு அவற்றைத் தொடக் கூடாது.