மாம்பழக் காலத்தில் யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

கறுத்தக்கொழும்பான் மாம்பழம் சாப்பிட ஊருக்குப் போக நினைப்பவர்கள் ஆனி மாதத்துக்கு டிக்கெட் எடுங்கள். எடுப்பதற்கு முன்னால், ஊரில் உங்கள் பெயரிலோ செத்துப்போன அம்மா அப்பா பெயரிலோ காணி ஏதும் இருக்கிறதா, அதில் யாருக்கும் உங்கள் கையெழுத்து தேவையா என்று போன் எடுத்துக் கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. பதினான்கு நாள் லீவில் போய் ஒன்பது நாளைக் கந்தோருக்கு (அரச அலுவலகத்துக்கு) அலைவதிலும் கந்தோர் திறக்கக் காத்திருப்பதிலும் விட்டுவிட்டு வந்தேன்.

சரி, முதலில் காலங்களைச் சொல்லிவிடுகிறேன். சித்திரை, வைகாசியில் நுங்கு. வெயில் கொளுத்தும், ஆனால் பனங்கூடலுக்குள் நின்று பெருவிரலால் நோண்டிக் குடிக்கிற நுங்குக்கு அந்த வெயில்தான் வேண்டும். வைகாசியிலிருந்து ஆடி வரை மாம்பழம். ஆடிப்பிறப்பன்று நின்றால் பனங்கட்டியும் பயறும் தேங்காய்ப்பாலும் போட்ட கூழ் எந்த வீட்டிலும் கிடைக்கும். ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடி ஏறும், 25 நாள் திருவிழா. உள்ளே போகும்போது ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும், இங்கே கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்கு இதை முதலே சொல்லிவையுங்கள், வாசலில் வைத்துச் சொன்னால் வெட்கப்பட்டுத் திரும்பிவிடுவார்கள். ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும், பனங்காய்ப் பணியாரம் சுடுவார்கள். கார்த்திகையில் மழையோடு வேலிகளில் கார்த்திகைப்பூ சிவப்பும் மஞ்சளுமாக ஏறி நிற்கும். மாரி முடிந்து தை, மாசியில் பனங்கிழங்கு.

நெடுந்தீவுக்கும் தை, மாசிதான் நல்லது. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகு. சோளகம் என்கிற தென்மேல் காற்று வீசுகிற மாதங்களில் அது ஆடுகிற ஆட்டத்தில் வயதானவர்களைக் கூட்டிப் போக முடியாது. ஆடி, ஆவணியில் தீவு காய்ந்து கிடக்கும், அங்குள்ள குதிரைகள் தண்ணீருக்குத் தவிப்பதைப் பார்க்க மனம் கேட்காது. மழைக்குப் பிறகு போனால் அதே குதிரைகள் பச்சைப் புல்லில் நிற்கும், பவளக் கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய மதில்களும் பெருக்கு (பாவோபாப்) மரமும் ஆறுதலாகப் பார்க்கலாம். யாழ்ப்பாணக் கோட்டைக்குப் பின்னேரம் போங்கள், நடுப்பகலில் அந்தச் சுவர்மேல் நடக்கவே முடியாது.

இனி என் கதை.

அம்மாவின் சீதனக் காணி நாலு பரப்பு. பின்வளவு மாமாவுடையது. அவருடைய வளவுக்குப் போகிற வழி எங்கள் காணிக்குள்ளால்தான், கிணறும் பங்குக் கிணறு. குளித்துவிட்டு முதல் தேத்தண்ணியைக் கையில் எடுக்கும்போதே மாமா சொன்னார்: "தம்பி, பிள்ளைக்குக் கலியாணம் பொருந்தியிருக்கு. சீதன உறுதி எழுத வேணும். வழிக்கு உன்ர கையெழுத்து இல்லாமல் நொத்தாரிசு எழுதமாட்டாராம்." உறுதி என்றால் காணிப் பத்திரம், நொத்தாரிசு என்றால் அதை எழுதுகிற சட்டத்தரணி. ஒரு கையெழுத்துத்தானே என்று நினைத்தேன்.

நொத்தாரிசு அம்மாவின் மரணச் சான்றிதழைக் கேட்டார். அது ரொறொன்ரோவில் அலமாரிக்குள் கிடந்தது. போனில் வந்த படம் சரிவராது, மூலப்பிரதி வேண்டும். என் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒருவிதம், கனடா பாஸ்போர்ட்டில் இன்னொரு விதம், எழுத்தும் வேறு. அப்படியென்றால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். முடித்துக்கொண்டு காணிக் கந்தோருக்குப் போனால் மறுநாள் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை. போயாவுக்கு அரச கந்தோர் எல்லாம் பூட்டு, அதற்குப் பிறகு சனி, ஞாயிறு. திங்கட்கிழமை கையெழுத்து வைக்க வேண்டியவர் கூட்டத்துக்குப் போயிருந்தார். செவ்வாய் பழைய பதிவுப் புத்தகத்தில் பக்கம் கிடைக்கவில்லை. புதன் கிடைத்தது, அதில் ஒரு எல்லையின் பெயர் உறுதியில் இருந்ததோடு பொருந்தவில்லை. அந்த வாங்கில் எட்டு மணியிலிருந்து இருந்து, காற்றாடி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு, வீட்டு முற்றத்தில் எத்தனை பழம் விழுந்திருக்கும் என்று எண்ணினேன். கடைசியில் கோபம் வந்து, "நான் இதுக்கா வந்தனான்?" என்று மாமாவைக் கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. எழும்பிப் போய் எனக்கு ஒரு நெல்லி கிரஷ் வாங்கிக்கொண்டு வந்தார். தனக்கு வாங்கவில்லை.

அன்று இரவு உறுதியை எடுத்துக் காட்டினார். கடைப் பை ஒன்றுக்குள் இன்னொரு பை, அதற்குள் உறுதி. மடிப்புகளில் எழுத்து அழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டியிருந்தது. 1995 ஒக்டோபர் கடைசியில் சண்டைக்குப் பயந்து வலிகாமத்துச் சனம் முழுக்க மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தபோது, தன் வீட்டு உறுதியோடு எங்களுடையதையும் இடுப்பில் கட்டிக்கொண்டு போனவர் அவர். நாங்கள் அதற்கு முன்பே கனடா வந்துவிட்டோம். எங்கள் காணிக்கு வருஷா வருஷம் வேலி அடைத்ததும் அந்த மாமரத்துக்குத் தண்ணீர் விட்டதும் அவர்தான். "கிணற்றிற் பங்கும் வழி வாய்க்காலும்" என்று உறுதியில் எழுதியிருந்த இடத்தை விரலால் தடவிக் காட்டினார்.

ஆகவே சொல்கிறேன், இந்த வேலையை இங்கிருந்தே தொடங்குங்கள். மாமாவுக்கோ சித்தப்பாவுக்கோ அற்றோணி (உங்களுக்காகக் கையெழுத்து வைக்கிற அதிகாரப் பத்திரம்) கொடுப்பதென்றால் இலங்கைத் தூதரகத்திலேயே முடித்து அனுப்பலாம், அதை அங்கே பதிவார்கள். நான் அங்கே போயும் கடைசியில் கொடுத்தது அதுதான். மரணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் மூலப்பிரதிகளைக் கையோடு கொண்டுபோங்கள். போயா எந்த நாள் என்று பார்த்து டிக்கெட் எடுங்கள். பங்குக் காணியை விற்கிற யோசனை இருந்தால் முதலில் பங்காளிகளைக் கேட்க வேண்டும். இதைச் சொல்வது தேசவழமை, ஒல்லாந்தர் 1707இல் எழுத்தாக்கிய எங்கள் வழக்கச் சட்டம்; அது யாழ்ப்பாணத்தில் இன்னும் நடைமுறைச் சட்டம். அப்புறம், சொந்தக்காரர் கேட்கிறார்கள் என்று சலித்துக்கொள்ளாமல், போவதற்கு ஒரு மாதம் முன்பே என்ன வேண்டும் என்று நீங்களே கேளுங்கள்.

கறுத்தக்கொழும்பானைச் சந்தையில் வாங்கும்போது நிறத்தைப் பார்க்காதீர்கள். பழுத்தாலும் தோல் கரும்பச்சையாகத்தான் இருக்கும். காம்படியை மணந்து பாருங்கள், அங்கேதான் தெரியும். நான் கந்தோரில் இருந்த நாட்களில் மாமி கொக்கத்தடியால் ஆய்ந்த பழங்களை வைக்கோலுக்குள் எனக்கென்று அடுக்கி வைத்திருந்தார். கடைசி நாள் கிணற்றடியில் இருந்து நாலு தின்றேன், சாறு முழங்கை வரை ஒழுகியது. மிச்சத்தை அணில் கோதிவிட்டது.

மச்சாளின் கலியாணம் தையில். கிழங்கு கிண்டுகிற நேரம், டிக்கெட் எடுத்துவிட்டேன். மூலப்பிரதிகள் எல்லாம் இப்போதே பைக்குள் இருக்கின்றன.