பிளஸ் டூ இங்கிலீஷ் பாசேஜைப் படித்துப் பழகுவது எப்படி

போன ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், மஞ்சக்குப்பத்தில் என்னிடம் படிக்க வரும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வானிலை ஆய்வு மையத்தின் ஆங்கில அறிக்கையை போனில் காட்டி வாசிக்கச் சொன்னேன். கடலூர் மாவட்டத்தில் 'ஹெவி ரெயின் அட் ஐசோலேட்டட் பிளேசஸ்' என்று இருந்தது. தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் ஒரு பெண், ஆங்கிலத்தில் நல்ல மார்க் எடுப்பவள், "ஆள் நடமாட்டமே இல்லாத இடத்துல மட்டும் கனமழை பெய்யும்" என்றாள். கொரோனா காலத்து ஐசோலேஷன் வார்டு அவள் மனதில் இருந்தது. அதே மையத்தின் தமிழ் அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். 'ஓரிரு இடங்களில் கனமழை.' அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெய்யும், அவ்வளவுதான்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கிற தம்பி தங்கைகள் முதலில் கேட்பது, "எனக்கு வொக்காபுலரி இல்லை, எந்தப் புத்தகம் வாங்கி மனப்பாடம் பண்ணட்டும்" என்பதுதான். வாங்காதே. ஆயிரம் சொல்லை நெட்டுருப் போட்டாலும் பரீட்சையில் கொடுத்துக் கேள்வி கேட்கிற பாசேஜ் புரிந்துவிடாது, ஏனென்றால் நான் பார்த்தவரை மார்க் போவது பெரும்பாலும் தெரியாத சொல்லால் அல்ல, அந்தப் பெண்ணுக்கு நடந்த மாதிரி தெரியும் என்று நினைத்துத் தாண்டிப்போகிற சொல்லாலும், இங்கிலீஷ் வாக்கியம் நம் தமிழ் வாக்கியத்துக்குத் தலைகீழாக நிற்பதாலும்தான்.

இந்தத் தலைகீழ் விஷயத்தை முதலில் பார்த்துவிடலாம். 'த போட்ஸ் தட் லெஃப்ட் த ஹார்பர் பிஃபோர் டான் ஹேட் நாட் ரிட்டர்ன்ட் வென் த வார்னிங் கேம்.' இதில் கஷ்டமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் எச்சரிக்கை வந்தபோது படகுகள் எங்கே இருந்தன என்று கேட்டால், துறைமுகத்தில் என்று சொல்பவர்கள் நிறைய. தமிழில் நாம் 'விடியும் முன் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய படகுகள், எச்சரிக்கை வந்தபோது திரும்பியிருக்கவில்லை' என்போம். எந்தப் படகு என்கிற விவரம் படகுக்கு முன்னாலேயே வந்துவிடும், 'கிளம்பிய' என்று அது நிற்கிற விதத்திலேயே வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று தெரிந்துவிடும். இங்கிலீஷில் படகு முதலில் வந்துவிடுகிறது, விவரம் பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது, அந்த விவரத்துக்குள்ளேயே 'லெஃப்ட்' என்று ஒரு வினை உட்கார்ந்திருப்பதால் அதுதான் வாக்கியத்தின் வினை என்று நினைத்து அங்கேயே நின்றுவிடுகிறோம். உண்மையான வினை 'ஹேட் நாட் ரிட்டர்ன்ட்'. படகுகள் கடலில்தான் இருந்தன.

அதனால் முதல் இரண்டு வாரம் பாசேஜ் பக்கமே போக வேண்டாம். உன் இங்கிலீஷ் பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே நடத்தி முடித்த ஒரு உரைநடைப் பாடத்தை எடு, அதிலிருந்து நீளமான வாக்கியமாக ஒரு நாளைக்குப் பத்து. தட், ஹூ, விச் என்று தொடங்கி ஒரு பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் துண்டைப் பென்சிலால் அடைப்புக்குள் போடு. அடைப்பை விட்டுவிட்டு மிச்சத்தைப் படி, யார், என்ன செய்தார் என்று இரண்டே சொல்லில் பிடி. அப்புறம் அடைப்பைத் திறந்து உள்ளே இருப்பதைத் தமிழில் பெயருக்கு முன்னால் வைத்து வாய்விட்டுச் சொல். சில சமயம் தட், விச் எதுவும் இல்லாமலே அந்தத் துண்டு வரும், 'த புக் ஐ பாட்' என்பதைப் போல. இரண்டு பெயர் அடுத்தடுத்து வந்து நடுவில் வினை இல்லை என்றால் அங்கே ஒரு தட் ஒளிந்திருக்கிறதா என்று பார். மனப்பாடத்துக்கு இதில் வேலையே இல்லை. பாடத்தின் கதை உனக்கு முன்பே தெரியும் என்பதால் வாக்கியத்தின் எலும்பை மட்டும் பார்க்க முடியும், அதற்காகத்தான் பழைய பாடம்.

அடுத்து சின்னச் சொற்கள். ஹார்ட்லி என்றால் கஷ்டப்பட்டு இல்லை, ஏறக்குறைய இல்லவே இல்லை என்று அர்த்தம். 'ஹி ஹார்ட்லி ஸ்டடீட்' என்றால் அவன் படித்ததே அபூர்வம். ஃப்யூ என்றால் மிகக் குறைவு என்கிற குறை தொனிக்கும், எ ஃப்யூ என்றால் சிலராவது இருந்தார்கள் என்று அர்த்தம், ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். அன்லெஸ் வந்தால் அதற்குள்ளேயே ஒரு 'இல்லாவிட்டால்' இருக்கிறது. ஆல்தோ வந்தால் அந்தப் பாதியில் சொல்வதை எழுத்தாளர் ஒத்துக்கொள்கிறார், ஆனால் அவர் அழுத்திச் சொல்ல வருவது பெரும்பாலும் மறுபாதியில் இருக்கும். ஹவெவர், பட், யெட் வருகிற இடத்தில் பேச்சு திரும்புகிறது, அந்தத் திருப்பத்தில் கேள்வி வைக்காத பாசேஜை நான் அதிகம் பார்த்ததில்லை. அப்புறம் இட், திஸ், தே. ஒவ்வொன்றிலிருந்தும் அது குறிக்கிற சொல்லுக்கு ஒரு அம்புக்குறி போட்டுப் பழகு. சலிப்பான வேலைதான், ஆனாலும் செய்.

சரி, எதைப் படிப்பது? கடையில் விற்கும் கைடில் பாசேஜுக்குக் கீழேயே விடையும் இருக்கும், கண் தானாக அங்கே போய்விடும், அதனால் எனக்கு அது பிடிப்பதில்லை. சி.பி.எஸ்.இ இணையதளத்தில் மாதிரி வினாத்தாளும் மதிப்பெண் திட்டமும் தனித்தனிக் கோப்பாக இலவசமாகக் கிடைக்கின்றன, ஸ்டேட் போர்டு பிள்ளைகளும் தாராளமாக எடுத்துப் பழகலாம். கடலூரில் மாவட்ட மைய நூலகத்திலும், புதுச்சேரியில் 1827-இல் தொடங்கப்பட்ட ரோமன் ரோலண்ட் நூலகத்திலும் உட்கார்ந்து ஆங்கில நாளிதழ் படிக்கலாம். தலையங்கத்தில் தொடங்காதே, அதில் ஒரு வாக்கியத்துக்குள் மூன்று வாக்கியம் இருக்கும். உள்ளூர்ச் செய்தியில் தொடங்கு. நெய்வேலி சுரங்கமோ, பண்ருட்டி பலாவோ, கெடிலத்தில் வெள்ளமோ, விஷயம் உனக்கு முன்பே தெரிந்திருந்தால் தெரியாத சொல்லை நீயே ஊகிப்பாய்.

என் விருப்பம் வானிலை அறிக்கைதான். ஐப்பசி, கார்த்திகையில் தினமும் வருகிறது, சின்னது, தமிழிலும் வருவதால் திருத்த ஆள் தேவையில்லை. 'ஃபிஷர்மென் ஆர் அட்வைஸ்ட் நாட் டு வென்ச்சர் இன்டு த சீ' என்ற வரியில் வென்ச்சருக்கு அர்த்தம் கேட்டபோது, அதே தேவனாம்பட்டினத்துப் பெண்தான் 'துணிந்து போவது' என்று டக்கென்று சொன்னாள், அப்பா கடலுக்குப் போகாமல் வீட்டில் இருக்கிற நாட்களில் அவள் கேட்கிற வரி அது. துறைமுகத்தில் 1-ஆம் எண் புயல் கூண்டு ஏற்றினால் இங்கிலீஷில் 'டிஸ்டன்ட் காஷனரி', 3-ஆம் எண் என்றால் 'லோக்கல் காஷனரி'. காஷனரி என்றால் எச்சரிக்கை என்று புரிய இங்கே யாருக்கும் அகராதி தேவைப்படவில்லை. இன்னொரு லாபமும் உண்டு. அந்த அறிக்கையில் ஹெவி என்றால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை, வெரி ஹெவி என்றால் 204.4 வரை, அதைத் தாண்டினால்தான் எக்ஸ்ட்ரீம்லி ஹெவி. கனமழை, மிக கனமழை, அதிகனமழை என்று தமிழிலும் அதே மூன்று படி. வெரியும் எக்ஸ்ட்ரீம்லியும் ஒன்றில்லை என்று இப்படி அளவோடு பார்த்துப் பழகியவர்கள், பாசேஜில் 'சம்' இருக்க ஆப்ஷனில் 'ஆல்' என்றோ, 'மே' இருக்க 'வில்' என்றோ மாற்றி வைத்தால் பிடித்துவிடுகிறார்கள்.

மூன்றாவது வாரத்திலிருந்து ஒரு நாளைக்கு ஒரு பாசேஜ் போதும். முதல் தடவை பேனா இல்லாமல், நிறுத்தாமல், தெரியாத சொல்லில் தடுக்கி நிற்காமல் கடைசி வரை போ. புத்தகத்தை மூடிவிட்டு, என்ன படித்தாய் என்று வீட்டில் யாரிடமாவது தமிழில் நாலு வரியில் சொல். அம்மாவிடம் சொல், தம்பியிடம் சொல். அம்மா திருப்பி ஒரு கேள்வி கேட்டு உனக்குப் பதில் வரவில்லை என்றால் அந்த இடம்தான் உனக்குப் புரியாத இடம், இதைவிட நல்ல பரீட்சை நான் கண்டதில்லை. அப்புறம் கேள்விகளைப் படி, இரண்டாம் தடவை பாசேஜைப் படி, ஒவ்வொரு விடைக்கும் அது எந்த வரியிலிருந்து வருகிறது என்று வரி எண்ணை ஓரத்தில் எழுது. விரல் வைத்துக் காட்ட வரி இல்லையென்றால் அது விடை இல்லை, ஊகம். அகராதியும் போனில் மொழிபெயர்ப்பும் இதற்கெல்லாம் அப்புறம்தான். முதலிலேயே படம் பிடித்துத் தமிழாக்கிப் பார்த்துவிட்டால் நீ பழகியது தமிழ் வாசிப்பு. கடிகாரம் வைத்துப் படிப்பதையும் முதல் மாதம் தள்ளிப்போடு. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் தினமும் பஸ்ஸில் போய்வருகிறவர்கள், கிருமாம்பாக்கம் தாண்டுவதற்குள் நேற்றைய பாசேஜை இன்னொரு முறை வாசிக்கலாம். புதியதைவிட நேற்றையதை மறுபடி வாசிப்பதில்தான் அதிகம் ஒட்டும்.

உலகத்தில் உண்மை, ஆனால் பாசேஜில் இல்லை என்கிற ஆப்ஷனிடம் ஜாக்கிரதை. எங்கள் பக்கம் அடித்த 'தானே' என்ற புயலைப் பற்றி நானே ஒரு பாசேஜ் எழுதிக் கொடுத்தேன், அதில் முந்திரியும் பலாவும் விழுந்ததையும், ஒரு குடும்பம் மறுபடி கன்று நட்டதையும் மட்டும் சொல்லியிருந்தேன். 'அக்கார்டிங் டு த பாசேஜ்' எது சரி என்ற கேள்விக்கு, புயல் 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்தது என்பதையும் ஒரு ஆப்ஷனாக வைத்தேன். வீட்டில் கேட்டு வளர்ந்த தேதி என்பதால் பாதிப் பேர் அதைக் குறித்தார்கள். தேதி சரி, பாசேஜில் அது இல்லை. இன்ஃபர் என்று கேட்டால் மட்டும் எழுதாததைச் சொல்லலாம், அதுவும் எழுதியதிலிருந்து ஒரே ஒரு எட்டு. மறுபடி கன்று நட்டார்கள் என்றால் விவசாயத்தை விடவில்லை என்று சொல்லலாம், அரசு உதவி செய்தது என்று சொல்ல முடியாது.

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் இப்போது சி.பி.எஸ்.இ-க்கு மாறிவிட்டதால் அங்கே படிப்பவர்களுக்குப் பாசேஜில் எண்களும் வரும். பிளஸ் டூ இங்கிலீஷ் கோர் தாளின் 80 மார்க்கில் 22 ரீடிங்குக்கு, 12 ஒரு பாசேஜுக்கு, 10 புள்ளிவிவரமோ வரைபடமோ உள்ள பாசேஜுக்கு, இரண்டும் சேர்ந்து 700 முதல் 750 சொல். வரைபடத்தில் தவறுவது கணக்கால் இல்லை, முன்னிடைச்சொல்லால். 'ரோஸ் பை 20' என்றால் இருபது கூடியது, 'ரோஸ் டு 20' என்றால் இருபதுக்கு வந்து நின்றது. 20 சதவீதம் 30 ஆனால் ஏறியது பத்து பர்சென்டேஜ் பாயின்ட், ஆனால் உயர்வு 50 பர்சென்ட்.

ஸ்டேட் போர்டில் பிளஸ் டூ இங்கிலீஷ் 90 மார்க், மூன்று மணி நேரம், எழுதுவதற்கு முன் வினாத்தாள் வாசிக்க 10 நிமிடம். சி.பி.எஸ்.இ-யில் 15 நிமிடம். அந்த நேரத்தில் பேனா தொட முடியாது என்பதால் பலர் தாளைப் புரட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நீ நேராக பாசேஜுக்குப் போ, அம்மாவிடம் சொல்வது போல மனதுக்குள் நாலு வரியில் தமிழில் சொல்லிப் பார், பிறகு கேள்விகளைப் படித்து விடை எந்தப் பத்தியில் இருக்கிறது என்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். மணி அடித்ததும் முதலில் ரீடிங்கை எழுது. சி.பி.எஸ்.இ என்றால் அந்த 22 மார்க்குக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் கொடுக்காதே. ஒரு கேள்வியில் இரண்டு ஆப்ஷனுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் ஓரத்தில் வரி எண்ணைக் குறித்துவிட்டு நகர்ந்துவிடு, கடைசிப் பத்து நிமிடத்தில் அந்த ஒரு வரிக்கு மட்டும் திரும்பி வந்து, தட், விச் துண்டை அடைப்புக்குள் போட்டுவிட்டு வினை எது என்று பார்.