'இன் த லூப்' படத்துக்கு வீட்லயே தமிழ் சப்டைட்டில் போடறது எப்படி

அப்பாவுக்கு அரசியல் காமெடின்னா உயிர், ஆனா இதுல பேசற வேகத்துக்கு இங்கிலீஷ் பிடிபடாது. அதனால 2009-ல வந்த இந்த 106 நிமிஷப் படத்துக்கு நானே சப்டைட்டில் போட்டேன், மூணு வாரம் ஆச்சு. வீட்டு டிவிக்கு மட்டும்தான், எங்கயும் அப்லோட் பண்ணாதீங்க.

ஸ்டெப் 1: டிவிடில சப்டைட்டில் எழுத்தா இல்லாம இமேஜா இருக்கும், ஓசிஆர் பண்ணி (இமேஜ்ல இருக்கற எழுத்த டெக்ஸ்ட்டா மாத்தறது) எஸ்ஆர்டிங்கற சப்டைட்டில் ஃபைல் ஆக்கிக்கோங்க. 'சப்டைட்டில் எடிட்'ங்கற சாஃப்ட்வேர்லயே அந்த வசதி இருக்கு, இலவசம். நோட்பேட் போதும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க.

ஸ்டெப் 2: இந்தப் படம் பிபிசியோட 'தி திக் ஆஃப் இட்' டிவி சீரியல்ல இருந்து கிளைச்சது, அத பாத்தவங்க உஷார். பீட்டர் கபால்டி ரெண்டுலயும் பிரதமர் ஆபீஸ்ல மீடியாவ கவனிக்கற அதே மால்கம் டக்கர்தான், ஆனா அங்க ஆலிங்கற பேர்ல வந்த கிறிஸ் ஆடிசன் இங்க டோபி. நான் பழக்கதோஷத்துல பல இடத்துல ஆலின்னே அடிச்சு வச்சிருந்தேன்.

ஸ்டெப் 3: இங்கதான் நாலு நாள் மாட்டினேன். பிரிட்டிஷ் மந்திரி சைமன் ஃபாஸ்டர் ரேடியோ பேட்டில, போர் 'அன்ஃபோர்சீயபிள்'னு வாய விட்டுடறார், மொத்தப் படமும் அதுல இருந்துதான் கிளம்புது. 'எதிர்பாராதது'ன்னு போட்டா ஏதோ பஸ் விபத்து மாதிரி இருக்கு, 'கணிக்க இயலாதது'ன்னா வானிலை அறிக்கை. போர் வேணுங்கறவனும் வேணாங்கறவனும் தன் பக்கம் இழுத்துக்கற மாதிரில்ல இருக்கணும்? ஒருநாள் மழை வருமாப்பான்னு கேட்டேன், பேப்பர்ல இருந்து தலைய தூக்காம "சொல்ல முடியாது"ன்னார். அட, தெரியாதுன்னும் ஆச்சு, வந்தாலும் வரும்னும் ஆச்சு! அதையே போட்டேன். பின்னாடி அந்த வார்த்தைய யார் இழுத்தாலும் இதே வார்த்தைதான் வரணும், அழகா இருக்கேன்னு மாத்தினா ஜோக் காலி.

மால்கம் திட்டறத வார்த்தைக்கு வார்த்தை பெயர்க்காதீங்க, நீளமாகி சூடு ஆறிடும். ஜெனரல் மில்லர் குழந்தையோட பொம்மை கால்குலேட்டர்ல படை கணக்கு போடற சீன்ல ஒரே வரி வைங்க, மில்லரா நடிச்ச ஜேம்ஸ் கேண்டல்ஃபினி முகத்த பாக்க விடணும்.

ஸ்டெப் 4: செகண்டுக்கு எழுத்து ஜாஸ்தின்னு சாஃப்ட்வேர் சிவப்பு காட்டும், பயப்படாதீங்க. 'போர்' நமக்கு ரெண்டெழுத்து, அது துணைக்குறி, புள்ளின்னு பிரிச்சு நாலுன்னு எண்ணும். நான் வாய்விட்டு படிச்சுப் பாத்துதான் குறைச்சேன். யூடிஎஃப்-8ங்கற என்கோடிங்ல சேவ் பண்ணுங்க, இல்லன்னா தமிழ் எழுத்துக்குப் பதிலா வெறும் கேள்விக்குறிதான்.

அப்டேட்: ஆரம்பத்துல சரியா இருக்கு, போகப்போக சப்டைட்டில் முந்திக்குதுன்னு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. டிவிடி செகண்டுக்கு 25 ஃபிரேம், உங்க வீடியோ 23.976 ஃபிரேமா இருக்கும், கடைசில நாலு நிமிஷம் வரைக்கும் விலகிடும். வரிவரியா நகர்த்திட்டு உட்காராதீங்க, 'சப்டைட்டில் எடிட்'ல சிங்க்ரனைசேஷன் மெனுல ஃபிரேம் ரேட் மாத்தற ஆப்ஷன் இருக்கு, 25ல இருந்து 23.976ன்னு குடுத்தா மொத்தமும் ஒரே தடவைல சரியாயிடும்.