சீனாவுக்கு இங்கிலீஷ் டீச்சரா போறீங்களா? பிளைட் ஏறுறதுக்கு முன்னாடி முடிக்க வேண்டிய வேலைங்க

முதல்ல பாஸ்போர்ட் விஷயத்த பேசிடுவோம், ஏன்னா நிறைய பேர் இது தெரியாமயே ஏஜென்ட்டுக்கு காசு கட்டிடுறாங்க. சீனாவுல லாங்குவேஜ் டீச்சர்னா அவங்கவங்க தாய்மொழியதான் சொல்லித்தரணும்னு ரூல். அதனால இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு நடைமுறைல அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா இந்த ஏழு நாட்டு பாஸ்போர்ட்டதான் கேப்பாங்க. டொரன்டோ, லண்டன், டர்பன்னு வளந்த நம்ம பசங்களுக்கு இதுல சிக்கல் இல்ல. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வச்சிருக்கவங்க இன்டர்நேஷனல் ஸ்கூல்ல மேத்ஸ், சயின்ஸ் மாதிரி பாடத்த இங்கிலீஷ்ல எடுக்குற வேலைய தேடுங்க, அதுக்கு டிகிரியும் குறைஞ்சது ரெண்டு வருஷ அனுபவமும் வேணும்.

எந்த பாஸ்போர்ட்டா இருந்தாலும் ஒண்ணு மட்டும் கேளுங்க. "இப்ப டூரிஸ்ட் விசால வாங்க, இல்ல பிசினஸ் விசால வாங்க, வந்தப்புறம் மாத்திக்கலாம்"னு யாராச்சும் சொன்னா அந்த எடத்துலயே பேச்ச நிறுத்திடுங்க. வேலை பாக்க இசட் விசாதான். அது இல்லாம வேலை பாத்து மாட்டினா 5,000 யுவான்ல இருந்து 20,000 யுவான் வரைக்கும் அபராதம், விஷயம் பெருசானா 5 நாள்ல இருந்து 15 நாள் வரைக்கும் உள்ள வைக்கலாம்னு அவங்க சட்டத்துலயே இருக்கு, நாட்ட விட்டும் அனுப்பிடுவாங்க. மாட்டிக்கிட்டு முழிக்கப்போறது ஏஜென்ட் இல்ல, நீங்கதான்.

இப்ப பேப்பர் வேலை. டிகிரி சர்டிபிகேட், போலீஸ் கிளியரன்ஸ், அப்புறம் ரெண்டு வருஷ டீச்சிங் அனுபவம், அது இல்லன்னா 120 மணி நேர டெஃபல் சர்டிபிகேட், அதாவது இங்கிலீஷ் சொல்லித்தர ட்ரெயினிங் முடிச்சதுக்கான சர்டிபிகேட். டிகிரியும் போலீஸ் கிளியரன்சும் சும்மா ஜெராக்ஸ் எடுத்து அனுப்புனா செல்லாது, முறைப்படி அட்டெஸ்ட் ஆகணும். அப்போஸ்டில்னா ஒரு நாட்டு சர்டிபிகேட் இன்னொரு நாட்டுலயும் செல்லும்னு போடுற ஒரே முத்திரை. 2023 நவம்பர் 7ல இருந்து சீனா அந்த அப்போஸ்டில் ஒப்பந்தத்துல சேந்துருச்சு, அதனால பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா டிகிரிக்கெல்லாம் ஒரு அப்போஸ்டில் போதும், தூதரகத்துக்கு அலைய வேணாம். ஆனா இந்தியாவுக்கும் சீனாவுக்கும் நடுவுல அந்த ஒப்பந்தம் நடைமுறைல இல்ல! என் கதை இதுதான், பாஸ்போர்ட் கனடா, டிகிரி திருச்சி. எல்லாத்துக்கும் அப்போஸ்டில் போதும்னு நெனச்சு உக்காந்திருந்தேன், கடைசில டிகிரிக்கு மட்டும் பழைய வழிதான்னு ஆயிருச்சு, மாநில அரசு அட்டெஸ்டேஷன், அப்புறம் டெல்லில வெளியுறவுத்துறை, அப்புறம் சீன தூதரகம்னு மூணு படி, ஊர்ல மாமா இருந்ததால அவர்தான் அலைஞ்சு முடிச்சார். அதனால டிகிரி எந்த நாட்டுலயோ அந்த நாட்டு வழிதான்னு மனசுல வச்சுக்குங்க, பாஸ்போர்ட்ட வச்சு கணக்கு போடாதீங்க.

இதவிட முக்கியமா நான் சொல்ல வந்தது பேர். நம்ம ஆளுங்களுக்கு இனிஷியல்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அது சீனாவுல யாருக்கும் புரியாது. டிகிரில "கே. செந்தில்குமார்"னு இருக்கும், பாஸ்போர்ட்ல "செந்தில்குமார் கந்தசாமி"ன்னு அப்பா பேர விரிச்சு எழுதியிருப்பாங்க, நமக்கு அது ஒரே ஆள், அங்க ஃபைல் பாக்குறவங்களுக்கு ரெண்டு ஆள். எனக்கு இதுலயே மூணு வாரம் போச்சு. இந்த ரெண்டு பேருலயும் இருக்கறது ஒரே ஆள்தான்னு நோட்டரி முன்னாடி அஃபிடவிட் போட்டு, அதையும் அட்டெஸ்ட் பண்ணி அனுப்பினப்புறம்தான் ஃபைல் நகந்துச்சு. அதனால இன்னிக்கு ராத்திரியே பாஸ்போர்ட், டிகிரி, டெஃபல், அனுபவ சர்டிபிகேட் நாலையும் மேசைல பரப்பி எழுத்து எழுத்தா ஒப்பிட்டு பாருங்க. டெஃபல் கோர்ஸ் இன்னும் சேரலன்னா பாஸ்போர்ட்ல எப்படி இருக்கோ அப்படியே பேர் குடுத்து சேருங்க. அங்க போனப்புறமும் பேங்க் அக்கவுன்ட், சிம் கார்டு, போன்ல பணம் கட்டுற வீசாட் பே எல்லாத்துலயும் ஒரே மாதிரி, ஸ்பேஸ் கூட மாறாம இருக்கணும், ஒண்ணுல முதல் பேர் முன்னாடியும் இன்னொண்ணுல பின்னாடியும் இருந்தா பணம் போகாது.

வேலை தேடுறப்ப, 2021 ஜூலைல சீன அரசாங்கம் கொண்டுவந்த டபுள் ரிடக்ஷன் பாலிசிய மறந்துடாதீங்க, பசங்களுக்கு வீட்டுப்பாடத்தயும் டியூஷனயும் குறைக்கிற பாலிசி அது. ஸ்கூல் பசங்களுக்கு பாடம் எடுக்குற டியூஷன் சென்டருங்க ஏகப்பட்டது அதோட மூடிடுச்சு. பழைய வீடியோவ பாத்து டியூஷன் சென்டர் சம்பளத்த கணக்கு போட்டு கெளம்பாதீங்க, இப்ப கவர்மென்ட் ஸ்கூல், பைலிங்குவல் ஸ்கூல், காலேஜ் இந்த பக்கம் பாக்குறதுதான் நல்லது. ஸ்கூல் செப்டம்பர் 1ல தொறக்கும், பேப்பர் வேலைக்கே ரெண்டு மூணு மாசம் ஆகும்ங்கறதால மார்ச், ஏப்ரல்லயே தேட ஆரம்பிச்சிடுங்க. கான்ட்ராக்ட்ல வாரத்துக்கு எத்தன கிளாஸ், கிளாஸ் இல்லாத நேரத்துலயும் ஆபீஸ்ல உக்காரணுமா, வீடு குடுப்பாங்களா இல்ல வாடகைக்கு காசா, லீவ் மாசத்துக்கு சம்பளம் உண்டா, இதெல்லாம் எழுத்துல இருக்கணும். வேலைய விடுறப்ப ரிலீஸ் லெட்டர் தருவோம்னு ஒரு வரி கண்டிப்பா கேட்டு வாங்குங்க, அது இல்லாம அடுத்த ஸ்கூலுக்கு ஒர்க் பெர்மிட்ட மாத்துறது பெரும்பாடு. அங்க ஏற்கெனவே வேலை பாக்குற ஒரு வெளிநாட்டு டீச்சர்கிட்ட பேசணும்னு கேளுங்க, நம்பர் குடுக்க தயங்குனாங்கன்னா நானா இருந்தா அந்த ஸ்கூலுக்கு போகமாட்டேன்.

ஸ்கூல் அனுப்புற ஒர்க் பெர்மிட் நோட்டிபிகேஷன் லெட்டர் வந்தப்புறம்தான் இசட் விசாவுக்கு அப்ளை பண்ண முடியும். போய் எறங்கினதும் 24 மணி நேரத்துக்குள்ள பக்கத்து போலீஸ் ஸ்டேஷன்ல எங்க தங்கியிருக்கோம்னு பதிவு பண்ணணும், ஹோட்டல்னா அவங்களே பண்ணிடுவாங்க, வீடுன்னா நீங்கதான் போகணும். அப்புறம் மெடிக்கல், ரத்தம், எக்ஸ்ரே, ஈசிஜி எல்லாம் இருக்கும், வெறும் வயித்துல போங்க. 30 நாளைக்குள்ள ரெசிடன்ஸ் பெர்மிட்டுக்கு அப்ளை பண்ணியாகணும், அப்ப பாஸ்போர்ட்ட அவங்களே சில நாள் வச்சுப்பாங்க, அந்த நேரத்துல ஊருக்கு டிக்கெட் போட்டுடாதீங்க.

போன் வேலைய ஏர்போர்ட் போறதுக்கு முன்னாடியே முடிச்சிடணும். வாட்ஸ்அப், கூகுள், யூடியூப், இன்ஸ்டா எதுவும் அங்க சாதாரண நெட்ல வராது. அங்க வாட்ஸ்அப்புக்கு பதிலா எல்லாரும் பேசுற வீசாட் ஆப்ப இப்பவே போடுங்க, அம்மா அப்பா போன்லயும் போட்டு ஒரு வாரம் அதுலயே பேசி பழக்குங்க, புது அக்கவுன்ட்டுக்கு ஏற்கெனவே வீசாட்ல இருக்க ஒருத்தர் வெரிஃபை பண்ண வேண்டி வரலாம், அத கடைசி நாள் வரைக்கும் தள்ளுனா வீட்டுக்கு போய் சேந்துட்டேன்னு கூட சொல்ல முடியாது. ஊர் சிம்ம ரோமிங்ல வச்சுக்கிட்டா முதல் சில நாள் வழக்கமான ஆப் எல்லாம் வேலை செய்யும், பேங்க் ஓடிபியும் வரும். போன்ல பணம் கட்டுற அலிபே ஆப்ல உங்க விசா கார்ட, இல்ல மாஸ்டர் கார்ட இங்கயே இணைச்சிடுங்க, டீக்கடை, பஸ், டாக்ஸி எல்லாம் அதுலயே ஓடும். கூகுள் மேப்ப நம்பாதீங்க, ரோடு ஒரு பக்கமும் நம்ம புள்ளி ஒரு பக்கமும் காட்டும், அங்க உள்ளவங்க காவ்டே மேப்தான் பாப்பாங்க.

பணம். சம்பளம் வர ஒரு மாசத்துக்கு மேல ஆகும், வீடு நீங்களே எடுக்குறதா இருந்தா ஒரு மாச டெபாசிட்டும் மூணு மாச வாடகையும் மொத்தமா கேப்பாங்க, ஆக நாலு மாச வாடகை கைல இல்லாம போகாதீங்க.

துணி எடுக்குறப்ப ஊர் எங்க இருக்குன்னு மேப்ல பாருங்க. சின்லிங் மலை, ஹுவாய் ஆறு, அந்த கோட்டுக்கு வடக்க இருந்தா வீட்டுக்கு வீடு அரசாங்க ஹீட்டிங் வரும், பெய்ஜிங்ல நவம்பர் 15ல இருந்து மார்ச் 15 வரைக்கும். தெக்க இருந்தா கிடையாது. நான் இருந்த ஹூனான் மாகாணத்து சாங்ஷா தெக்க, வெளிய 4 டிகிரின்னா கிளாஸ்ரூம்லயும் கிட்டத்தட்ட அதேதான், பசங்க தடி ஜாக்கெட்டோட உக்காந்து எழுதுவாங்க, ஜன்னலும் தொறந்துதான் இருக்கும். தெர்மல் ரெண்டு செட் கண்டிப்பா வேணும். ஷூ சைஸ் பெருசுன்னா இங்கயே ரெண்டு ஜோடி வாங்கிடுங்க. சமையலுக்கு குக்கர், அரிசி, மிளகா எல்லாம் அங்கயே தாராளமா கிடைக்கும், ஹூனான் காரம் நம்ம நாக்குக்கு ரொம்ப நல்லா ஒத்துப்போகும். சாம்பார் பொடி, ரசப்பொடி, பெருங்காயம், டிகாஷன் ஃபில்டர் எடுத்துக்கோங்க. கறி, பால் பொருள், பழம், விதை கஸ்டம்ஸ்ல விடமாட்டாங்க. சைவம் சாப்புடுறவங்க "வோ ச்சி சூ"ன்னு சொல்ல கத்துக்கோங்க, ஆனா அதோட நிக்காம கறி வேணாம், கறி எண்ணெயும் வேணாம்னு சீன மொழில எழுதி போன்ல வச்சுக்கோங்க, காய்கறி பொரியல்லயே பன்னிக்கொழுப்பு ஊத்துவாங்க.

கடைசியா கிளாஸ் மெட்டீரியல். கூகுள் டிரைவ்ல இருக்குன்னு வெறுங்கையோட போனீங்கன்னா ஸ்கூல் கம்ப்யூட்டர்ல அது தொறக்காது. படம், பாட்டு, பிபிடி எல்லாத்தையும் ரெண்டு பென்டிரைவ்ல ஏத்தி ஒண்ண கைப்பைல, ஒண்ண பெட்டில வைங்க. கவர்மென்ட் ஸ்கூல்னா ஒரு கிளாஸ்ல நாப்பது அம்பது பேர், ஒவ்வொரு கிளாசையும் வாரத்துக்கு ஒருதடவதான் பாப்பீங்க, அதனால ஒரு நல்ல பாடம் வச்சிருந்தா வாரம் முழுக்க அதுவே ஓடும். அந்த முதல் பாடத்த உங்க வீட்டு போட்டோவ வச்சு செய்யுங்க. நான் எங்க பாட்டி வாசல்ல கோலம் போடுற போட்டோவ காட்டினேன், பின் பெஞ்சுல இருந்த ஒரு பொண்ணு எந்திரிச்சு வந்து, போர்டுல சாக்பீஸால புள்ளி வச்சு, இது எப்படி பண்ணுறதுன்னு முழுசா ஒரு இங்கிலீஷ் வாக்கியத்துல கேட்டா.